புதுச் சமயம், பழம் பெயர்

பழமைக்கு மனிதர் உள்ளத்தில் தனி மதிப்பு உண்டு. தமது கொள்கை நேற்றுப் பிறந்தது என்று சொல்லிக்கொள்ள எவரும் விரும்புவதில்லை. நம் கடற்கரை ஊர்களில் சில குடும்பத்தார் தம் பாட்டனாரின் பாட்டனாரை ஒரு மரக்கலத்தில் ஏற்றி, அரபு நாட்டிலிருந்து நேரே நம் துறைமுகத்தில் கொண்டுவந்து இறக்கிவிடுவதைக் கேட்டிருக்கிறோம். கலம் வந்த ஆண்டைக் கேட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பிவிடும். ஹதீதுக் கலை ஓதியவர்களுக்கோ, எதைக் கேட்டாலும் 'சொன்னவர் யார்? அவருக்குச் சொன்னவர் யார்?' என்று கேட்டுப் பழக்கம். சனது என்னும் அந்தச் சங்கிலியை நம் மார்க்கத்துக்கு வெளியே உள்ள ஒரு சமயத்தின்மீது வைத்துப் பார்க்கும் வாய்ப்பு அண்மையில் நமக்குக் கிடைத்தது.

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் குடும்பத்தோடு இங்கிலாந்தில் வாழ்கிறார். அவர் ஒரு நாள் நம்மை அழைத்துக் கேட்டார்: "ஹஜ்ரத், எங்கள் அண்டை வீட்டு அம்மையார் நல்லவர். என் மனைவி பேறுகாலத்தில் படுத்திருந்தபோது பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவந்து விட்டவர். தம் மதம் விக்கா என்கிறார். அது சூனியக்காரிகளின் மதம், அந்த வீட்டு வாசலை மிதிக்கக்கூடாது என்று நம்மவர் சொல்கிறார்கள். நாங்கள் புழக்கத்தை நிறுத்திக்கொள்ள வேண்டுமா?" ஒன்று இன்னதென்று அறிந்த பிறகே அதுபற்றித் தீர்ப்புச் சொல்லலாம் என்பது மதரஸாக்களில் பால பாடம். ஆகவே சில நாள் தவணை கேட்டுக்கொண்டு நூல்களைத் திறந்தோம்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். பழைய ஆங்கிலத்தில் மந்திரவாதியான ஆணுக்கு 'விச்சா' என்று பெயர்; பெண்ணுக்கு 'விச்சே'. சூனியக்காரியைக் குறிக்கும் இன்றைய 'விட்ச்' அதன் வழிவந்தது. அந்தப் பழஞ்சொல்லையே 'விக்கா' என்று ஒலித்து, இருபதாம் நூற்றாண்டில் ஒரு சமயத்துக்குப் பெயராக்கிக்கொண்டார்கள். அவர்களுள் பெரும்பாலோர் ஒரு பெண் தெய்வத்தையும் கொம்புடைய ஓர் ஆண் தெய்வத்தையும் வணங்குகிறார்கள். சிறு குழுக்களாகக் கூடி, தரையில் வட்டமிட்டு, அதனுள் நின்று சடங்கு செய்கிறார்கள். ஆண்டுக்கு எட்டுத் திருநாள்கள். அக்டோபர் 31இன் இரவும் மே முதல் நாளும் அவற்றுள் முக்கியமானவை. எவருக்கும் தீங்கு செய்யாதவரை உன் விருப்பப்படி நட என்பது அவர்களின் நெறி. ஷைத்தானை வணங்குகிறவர்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். ஷைத்தான் என்ற ஒருவன் அவர்கள் நம்பிக்கையிலேயே இல்லை. மந்திரச் சடங்குகள் செய்கிறார்கள் என்பது மட்டும் உண்மையே. அதை அவர்களும் மறைப்பதில்லை.

இந்தச் சமயத்தார் தொடக்கத்தில் சொல்லிக்கொண்ட வரலாறு இது: கிறிஸ்தவம் வருமுன் ஐரோப்பாவில் இருந்த ஆதி வழிபாடு அழியாமல் மறைவில் வாழ்ந்தது, பாதிரிமார் அதைச் சூனியம் என்று பழித்து, ஒன்பது மில்லியன் பேரை, அதாவது தொண்ணூறு லட்சம் பேரைக் கொன்றார்கள், எஞ்சியோர் இரகசியமாகக் காத்த மரபே இன்று வெளிப்பட்டிருக்கிறது. இதற்குக் கல்விச் சான்று தந்தவர் மார்கரெட் மர்ரே என்னும் அம்மையார். 1863இல் கல்கத்தாவில் பிறந்தவர். எகிப்தியத் தொல்பொருள் ஆய்வில் பெயர் பெற்றவர். 1921இல் மேற்கு ஐரோப்பாவின் சூனிய வழிபாடு பற்றி நூல் எழுதினார். பின்னர் பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் சூனியம் பற்றிய கட்டுரையையும் அவரே எழுத, அவருடைய ஊகம் பல்லாண்டுக் காலம் முடிந்த முடிபாக உலவியது.

அம்மையாரின் ஆதாரங்கள், சூனியக்காரிகள் என்று பிடிக்கப்பட்டவர்கள் விசாரணையில் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலங்கள். இங்கேதான் ஃபிக்ஹு ஓதியவரின் கை நூலின் பக்கத்தில் நின்றுவிடுகிறது. ஐரோப்பாவின் பல நாடுகளில் அவை சித்திரவதையால் பிடுங்கப்பட்டவை; ஸ்காட்லாந்தில் நாட்கணக்கில் உறங்கவிடாமல் வைத்து வாங்கப்பட்டவையும் உண்டு. வற்புறுத்தலால் பெற்ற ஒப்புதல் செல்லாது என்பது நம் சட்ட நூல்களின் விதி. அடிபட்டவன் அடி நிற்பதற்காக எதையும் சொல்வான். 1975இல் நார்மன் கோன் என்னும் வரலாற்றாசிரியர் மர்ரேயின் மேற்கோள்களை மூலப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார். வானில் பறந்தோம், விலங்காக உருமாறினோம் என்ற பகுதிகளை விட்டுவிட்டு, நம்பத்தக்கதாகத் தோன்றும் வரிகளை மட்டும் அம்மையார் எடுத்துக்கொண்டிருந்தது வெளிப்பட்டது. ஒரே வாயிலிருந்து ஒரே வேதனையில் வந்த சொற்களில் பாதியை மெய் என்றும் பாதியை இல்லாததுபோலவும் கொள்ள என்ன நியாயம் இருக்கிறது?

தொண்ணூறு லட்சம் என்ற எண்ணும் அத்தகையதே. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானியர் ஒருவர் ஓர் ஊரின் சில பதிவுகளைக் கொண்டு ஐரோப்பா முழுமைக்கும் பெருக்கிப் போட்ட கணக்கு அது. இன்றைய வரலாற்றறிஞர்கள் ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளில் 40,000 முதல் 60,000 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்கிறார்கள்; அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். பெருக்கிச் சொல்லாமலே நெஞ்சை நடுங்கவைக்கும் எண் இது. இப்னு கல்தூன் தம் முகத்திமாவின் தொடக்கத்திலேயே, படையின் எண்ணிக்கை ஆறு லட்சம் என்று எழுதிய மஸ்ஊதியை நிறுத்திவைத்து, அத்தனை பேருக்கு நிற்க இடம் உண்டா, அந்த நாடு அதைத் தாங்குமா என்று கேட்டது நமக்கு நினைவு வந்தது. எண்ணைக் கண்டதும் அளந்து பார் என்று ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே அவர் சொல்லிவிட்டார்.

இனி, இந்தச் சமயத்தை வெளியே கொண்டுவந்தவரைப் பார்ப்போம். அவர் ஜெரால்டு கார்ட்னர். 1884இல் இங்கிலாந்தின் லங்காஷயரில் பிறந்தவர், ஆஸ்துமா நோயாளி, முறையான பள்ளிப் படிப்பு இல்லாதவர். 1900இல் இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டத்திலும் பிறகு ரப்பர் தோட்டத்திலும் பணியாற்றினார். கொழும்பில் ஃப்ரீமேசன் சங்கத்தில் சேர்ந்தார். பின்னர் போர்னியோ, அதன்பின் மலாயா. அங்கே சுங்க அதிகாரியாக இருந்து 1936இல் ஓய்வு பெற்றார். மலாய்க் கிரிஸ் கத்திகளைப் பற்றி அவர் எழுதிய நூல் அந்தத் துறையில் மதிக்கப்பட்டது. மலாயாவில் இஸ்லாத்தைத் தழுவியிருந்த அமெரிக்க நண்பர் ஒருவரின் தூண்டுதலால் அவர் கலிமா சொன்னார் என்றும், ஆனால் மார்க்கத்தைக் கடைப்பிடிக்கவில்லை என்றும் அவர் வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். 1960இல் அவரைப் பற்றி வெளிவந்த முதல் வாழ்க்கை வரலாறு வேறொருவர் பெயரில் இருந்தாலும், அதை எழுதியவர் சூஃபிகளைப் பற்றிய நூல்களால் புகழ்பெற்ற, சிம்லாவில் பிறந்த இத்ரீஸ் ஷா என்று பலரும் கருதுகின்றனர். 1964இல் லெபனானிலிருந்து கப்பலில் திரும்பும் வழியில் கார்ட்னர் இறந்தார். அவரை அடக்கியது துனிஸ் நகரில். இப்னு கல்தூன் பிறந்த ஊர் அது.

இங்கிலாந்தின் தென்கரையில், நியூ ஃபாரஸ்ட் என்னும் காட்டுப் பகுதியில் ஒரு பழைய சூனியக் குழுவைக் கண்டதாகவும், 1939 செப்டம்பரில் டோரத்தி என்னும் மூதாட்டியின் வீட்டில் அதில் சேர்க்கப்பட்டதாகவும் கார்ட்னர் சொன்னார். 1735ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951இல்தான் நீக்கப்பட்டது. அதற்குமுன் 1949இல் தம் செய்திகளை நாவலாக்கிப் புனைபெயரில் வெளியிட்டிருந்தவர், 1954இல் 'இன்றைய சூனியம்' என்ற நூலைத் தம் பெயரிலேயே கொண்டுவந்தார். அதற்கு முன்னுரை எழுதியவர் அதே மர்ரே அம்மையார். மர்ரேயின் ஊகத்துக்குக் கார்ட்னர் சாட்சி. கார்ட்னரின் கூற்றுக்கு மர்ரே சாட்சி! இருவரையும் தாங்கும் மூன்றாவது கால் எங்கே?

டோரத்தி என்று ஒருவர் இருந்தாரா என்பதே நெடுநாள் ஐயமாக இருந்தது. கார்ட்னரின் மாணவியும் அவர் குழுவின் தலைமைப் பூசாரிணியுமாக இருந்த டொரீன் வேலியண்டே 1980களில் பிறப்பு இறப்புப் பதிவேடுகளைத் தேடி, டோரத்தி கிளட்டர்பக் என்ற செல்வப் பெண்மணி அங்கே வாழ்ந்தது மெய்யென்று நிறுவினார். ஹதீதுக் கலையில், அறிவிப்பாளர் இன்னார் என்று தெரியாவிட்டால் அவரை மஜ்ஹூல் என்போம். அந்தக் குறை தீர்ந்தது. ஆனால் ஒருவர் வாழ்ந்தார் என்பதற்கும் அவர் சொன்னதாகச் சொல்லப்படுவது மெய் என்பதற்கும் இடையே ஆறு ஓடுகிறது. அந்தப் பெண்மணி சூனியக் குழுவில் இருந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை; கிறிஸ்தவ ஆலயத்துக்குச் சென்றுவந்தவராகவே அவர் தெரிகிறார். அவருக்கும் முன்னால் யார் என்ற கேள்விக்கோ கார்ட்னரிடமும் விடை இருக்கவில்லை.

சடங்கின் உறுப்புகளைப் பிரித்துப் பார்த்தால் ஊற்றுகள் தெரிகின்றன. படிப்படியாகத் தீட்சை தரும் முறை ஃப்ரீமேசன்களுடையது. சில வாசகங்கள், கார்ட்னர் 1947இல் சந்தித்த அலெய்ஸ்டர் குரௌலி என்னும் மந்திரவாதியின் எழுத்துகளிலிருந்து வந்தவை. எட்டுத் திருநாள்களும் ஒரே தொகுதியாக இருபதாம் நூற்றாண்டுக்கு முன் எங்கும் காணப்படவில்லை. கறுப்புப் பிடியிட்ட கத்தியும் வட்டமும் 'சுலைமானின் திறவுகோல்' என்னும் இடைக்கால மந்திர நூலிலிருந்து எடுத்தவை. நபி சுலைமான் (அலை) அவர்கள்மீது சூனியக் கலையைச் சுமத்தியதைத் திருமறை பகரா அத்தியாயத்தில் மறுத்து, அவர்களைத் தூய்மைப்படுத்துகிறது. அப்பழியைச் சுமந்த நூல் வரிசை அதன் பின்னும் ஓயாமல், இங்கிலாந்தின் ஒரு கிராமம்வரை வந்து சேர்ந்திருக்கிறது.

ஒரு மரம் நட்டால் கிளை வரும். வேலியண்டே சடங்கு நூலில் குரௌலியின் சொற்களைக் களைந்து தம் சொற்களை எழுதிச் சேர்த்தார். பின்னர் 1957இல் கார்ட்னரோடு பிணங்கிப் பிரிந்தார். பூசாரிணி முதுமையில் இளையவளுக்கு வழிவிட வேண்டும் என்று திடீரென ஒரு 'பழைய சட்டத்தை' கார்ட்னர் எடுத்துக்காட்டியது பிளவுக்குக் காரணங்களுள் ஒன்று. 1960களில் அலெக்ஸ் சாண்டர்ஸ் மான்செஸ்டரில் எழுந்து தம் கிளையை அமைத்தார். கார்ட்னரின் மரபே போலி, தமது மரபே பழையது என்று கிளம்பிய ராபர்ட் காக்ரேனும் அக்காலத்தவரே. 1964இல் ரேமண்ட் பக்லண்டு அமெரிக்காவுக்குக் கொண்டுசென்றார். அங்கே பெண்விடுதலை இயக்கத்தோடு கலந்து, 1970களில் பெண்களுக்கு மட்டுமான டயானிக் கிளை பிறந்தது. ஸ்டார்ஹாக் என்னும் அம்மையார் 1979இல் எழுதிய நூல் சுற்றுச்சூழல் போராட்டத்தையும் அதனுடன் சேர்த்தது. 1988இல் ஸ்காட் கன்னிங்ஹாம், குருவே வேண்டாம், தனியாகவே செய்யலாம் என்று நூல் எழுதினார்.

கார்ட்னர் கிளையாரோ இன்றளவும் ஆணுக்குப் பெண்ணும் பெண்ணுக்கு ஆணும் தீட்சை தந்து, யார் யாரிடம் பெற்றார் என்ற வரிசையைக் கார்ட்னர்வரை சொல்லுகிறார்கள். நம் உஸ்தாதுமார் தரும் இஜாஸத்தின் வரிசையைப் போன்றதே இது. கார்ட்னர்வரை அந்தச் சங்கிலி உறுதியானது. அவருக்கு மேலே அறுந்து நிற்கிறது.

நம்மை வியக்கவைத்தது, இந்த உண்மையை அவர்களுள் பலர் ஏற்றுக்கொண்ட விதம். 1999இல் ரொனால்டு ஹட்டன் என்னும் பேராசிரியர் இச்சமயத்தின் வரலாற்றை விரிவாக எழுதி, இது புதியதே என்று காட்டினார். சிலர் சினந்தனர். பலர், 'ஆம், புதியதுதான், அதனால் என்ன?' என்றனர். அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 1986இலேயே இதை ஒரு சமயமென ஏற்றது. 2007 முதல் அங்கே போர்வீரர் கல்லறைகளில் இவர்களின் ஐந்துமுனை நட்சத்திரச் சின்னம் பொறிக்க இடமுண்டு. 2021 குடிக்கணக்கில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 13,000 பேர் தம் சமயம் விக்கா என்று எழுதினார்கள்.

இவ்வளவும் பார்த்த பின் மாணவருக்கு நாம் எழுதியது இதுதான்: "அவர்கள் வணங்குவதை நாம் வணங்குவதில்லை, ஏகத்துவத்தோடு அது பொருந்தாது. வட்டச் சடங்குகளிலும் மந்திரங்களிலும் நீங்களும் பிள்ளைகளும் கலந்துகொள்ளாதீர்கள். அதை அந்த அம்மையாரிடம் பணிவாகச் சொல்லிவிடுங்கள், நல்லவர் புரிந்துகொள்வார். ஆனால் அண்டை வீட்டாரின் உரிமை அவர் மதத்தைக் கேட்டு வருவதில்லை. அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்கள் வீட்டில் ஆடு அறுத்தபோது, நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். உங்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்து நடந்தவரைச் சூனியக்காரி என்று எவரேனும் உங்கள் முன் சொன்னால், மறுத்துப் பேசுங்கள்."

கடைசி வரியை நாம் வெறும் மரியாதைக்காக எழுதவில்லை. அந்தச் சொல் இன்றும் கொல்லும் சொல். நம் நாட்டிலேயே பெண்களைச் சூனியக்காரி என்று பழித்து அடித்து விரட்டுவதையும் கொல்வதையும் தடுக்க, பீகாரில் 1999இலும் ஜார்க்கண்டில் 2001இலும் தனிச் சட்டங்கள் வேண்டியிருந்தன. ஐக்கிய நாடுகளின் மனித உரிமை மன்றம் 2021இல் இதற்கென்றே தீர்மானம் நிறைவேற்றியது. பழி சுமத்தப்படுகிறவர்களுள் தனித்து வாழும் விதவைகள் பலர். அவர்கள் நிலத்தின்மீது கண் வைத்தவர்களே பழியைக் கிளப்புவதும் உண்டு. விக்கா என்றால் என்னவென்று அவர்கள் கேள்விப்பட்டிருக்கவும் மாட்டார்கள். நம் தெருவில் ஒரு குழந்தை காய்ச்சலில் விழுந்து, எவர் பெயரையாவது ஒருவர் மெல்லச் சொன்னால், அந்த இடத்திலேயே கேளுங்கள்: சொன்னவர் யார்? அவருக்குச் சொன்னவர் யார்?