செத்த டிரான்சிஸ்டர் குற்றவாளி அல்ல

பழைய டப்பா மானிட்டர் உயிரில்லாமல் கிடந்து, உள்ளே 'டிக் டிக்' சத்தம் மட்டும் வந்தால், முதலில் லைன் அவுட்புட் டிரான்சிஸ்டரைத்தான் பார்ப்பேன். கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே மீட்டர் சுழியம் காட்டினால் அது ஷார்ட். பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே ஐம்பது ஓம் அளவில் காட்டினால் பதற வேண்டாம். பல டிரான்சிஸ்டர்களுக்குள் அப்படியொரு ரெசிஸ்டரே உண்டு. ஷார்ட் ஆனதைக் கழற்றிப் புதிது போடுவது எளிது. பலர் அதோடு முடித்துவிடுகிறார்கள். சில நொடிகளில் புதியதும் போய்விடும்.

ஏன் செத்தது என்று தேடுவதுதான் எனக்குப் பிடித்த வேலை. சாதாரண விஜிஏ படத்துக்கு அந்த டிரான்சிஸ்டர் வினாடிக்குச் சுமார் 31,500 முறை திறந்து மூடுகிறது. ஒவ்வொரு முறை அணையும்போதும் யோக் சுருளில் தேங்கிய ஆற்றல் கலெக்டரில் ஆயிரம் வோல்ட் அளவுக்குத் துள்ளி எழும். அந்தத் துள்ளலை அளவோடு நிறுத்துவது பக்கத்தில் இருக்கும் பாலிப்ரொப்பிலீன் கெப்பாசிட்டர். அது ஓப்பன் ஆனால் 1,500 வோல்ட் தாங்கும் டிரான்சிஸ்டரும் நிற்காது. ஆகவே போட்டவுடன் செத்தால் என் சந்தேகம் அந்தக் கெப்பாசிட்டர் மேலும், உள்ளே ஷார்ட் ஆன இ.எச்.டி. டிரான்ஸ்பார்மர் மேலும் போகும். கொஞ்ச நேரம் ஓடி, சூடேறிச் செத்தால், டிரைவர் டிரான்ஸ்பார்மர் காலில் ட்ரை சோல்டர் இருக்கிறதா என்று பார்ப்பேன். பேஸுக்குப் போதிய கரண்ட் கிடைக்காத டிரான்சிஸ்டர் வெந்துதான் சாகும். கெப்பாசிட்டரை மாற்றினால் அதே மதிப்பு, அதே வோல்ட். கையில் கிடைத்ததைப் போடுவது தவறு.

புதிதைப் போட்டதும் நேராக மெயினில் செருகக் கூடாது. 100 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டு ஆன் செய்யுங்கள். டீகாஸ் காயிலைக் கழற்றி வையுங்கள். இல்லையேல் அது இழுக்கும் கரண்டிலேயே பல்பு பளிச்சென்று எரிந்து ஏமாற்றும். அதன் பிறகும் முழு வெளிச்சமாக நின்றால் ஷார்ட் இன்னும் போகவில்லை.

திரையின் நடுவே செங்குத்தாக ஒரே கோடு வந்தால் கதை வேறு. உயர் அழுத்தம் வருகிறது, டிரான்சிஸ்டர் நன்றாக இருக்கிறது. யோக்குக்குப் போகும் வழிதான் அறுந்திருக்கிறது. உடனே அணைத்துவிடுங்கள், பாஸ்பர் கருகும். யோக் கனெக்டரின் கால்களை அசைத்துப் பாருங்கள்.

ஆனால் எதையும் தொடுமுன், பிக்சர் டியூபின் பின்பக்கக் கரிப்பூச்சின் மேல் ஓடும் எர்த் கம்பியோடு ஸ்க்ரூடிரைவரை இணைத்து, ஆனோடு தொப்பிக்கு அடியில் விட்டு டிஸ்சார்ஜ் செய்யுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்த டியூப் ஆயிரக்கணக்கான வோல்ட்டைத் தேக்கி வைத்திருக்கும். வீட்டில் வேறு ஆள் இல்லாதபோது பின்மூடியைத் திறக்கவே வேண்டாம்.