கணக்கு தீர்ந்தது

திருப்பூர் பக்கம் வந்திருக்கிறீர்களா? வந்திருந்தால் அந்தப் போர்டைப் பார்க்காமல் போயிருக்க முடியாது. பனியன் கம்பெனி கேட்டில் அட்டையோ கரும்பலகையோ தொங்கும். 'சிங்கர் டெய்லர், ஓவர்லாக், செக்கிங், கைமடி ஆட்கள் தேவை.' காலையில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசரோடு மல்லுக்கட்டி வெளியே வந்தவர், சாயங்கால டீக்குள் அடுத்த தெருவில் வேறொரு மிஷினில் உட்கார்ந்திருப்பார். தீபாவளி போனஸை வாங்கிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறுகிற கூட்டத்தில், திரும்பி வந்து வேறு கம்பெனிக்குப் போகிறவர்கள் எத்தனையோ பேர். இந்த ஊரில் வேலையை விடுவது ஒரு சமாச்சாரமே இல்லை.

நான்தான் அதிசயப் பிறவி. 1994 தையில் ஒரு கம்பெனியின் டைம் ஆபீஸில் சேர்ந்தவன், 2013 தீபாவளி முடிந்துதான் வெளியே வந்தேன். பத்தொன்பது வருஷம், பத்து மாசம்.

டைம் ஆபீஸ் என்றால் ஒன்றும் பெரிய உத்தியோகம் இல்லை. யார் எப்போது உள்ளே வந்தார், எத்தனை ஷிப்ட் என்று எழுத வேண்டும். காலை எட்டரைக்கு வந்து சாயங்காலம் ஐந்தரைக்குப் போனால் ஒரு ஷிப்ட். ராத்திரி எட்டரை, ஒன்பது வரை இருந்தால் ஒன்றரை. சனிக்கிழமை கவரில் சம்பளத்தைப் போட்டு நீட்டுகிற கை என்னுடையது. அதனாலேயே எல்லோருக்கும் என்னைத் தெரியும்.

பழைய முதலாளி, தானே மிஷின் மிதித்து மேலே வந்தவர். திருப்பூரில் அப்படிப்பட்டவர்கள் ஏராளம். ஷரத் சாரி என்ற ஆய்வாளர் இவர்களைப் பற்றி 2004ல் ஒரு புத்தகமே போட்டிருக்கிறார். நம்மவர் மகான் ஒன்றும் கிடையாது. ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்று சட்டம் சொல்லும். அவர் ஒற்றைதான் கொடுப்பார். 1984ல் பஞ்சப்படிக்காக 127 நாள் ஸ்ட்ரைக் நடந்த ஊர் இது. அந்தப் பயம் கடைசிவரை அவருக்கு இருந்தது. ஆனால், "அந்தப் புள்ள பதினாலு வருசமா இருக்குதுங்க" என்று யாராவது சொன்னால் நிமிர்ந்து பார்ப்பார். சர்வீஸ் என்று ஒன்று உண்டு என்பதை மறுக்க மாட்டார்.

2011 வந்தது. நூல் விலை ஏற்கெனவே தாறுமாறு. ஜனவரி கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள். நான் கோர்ட்டைக் குறை சொல்ல மாட்டேன். நொய்யல் ஓரத்தில் கிணற்றையும் காட்டையும் சாயத்துக்குப் பறிகொடுத்த விவசாயிகள் வருஷக்கணக்கில் நடந்து வாங்கிய தீர்ப்பு அது. ஆனாலும் எங்கள் துணி லாரி ஏறி வெளியூருக்குப் போய்ச் சாயம் போட்டுத் திரும்புவதற்குள் ஷிப்மெண்ட் தேதி போய்விடும். முதலாளி ஒரு வருஷம் தாக்குப்பிடித்தார். 2012ல் கம்பெனியை விற்றுவிட்டார்.

புது நிர்வாகத்தை வில்லன் என்று நினைத்துவிடாதீர்கள். வந்த மூன்றாம் மாசம் கழிவறையில் கதவுக்குத் தாழ்ப்பாள் வந்தது. குடிக்க நல்ல தண்ணீர் வந்தது. 2013 ஏப்ரலில் பங்களாதேஷில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து ஆயிரத்து நூறு பேருக்கு மேல் செத்தார்களே, அதற்குப் பிறகு பையர்கள் அனுப்பிய ஆடிட் ஆட்கள் படிக்கட்டு படிக்கட்டாக ஏறி இறங்கினார்கள். பூட்டியே கிடந்த பின்வாசல் திறந்தது. இதெல்லாம் நம்ம பழைய முதலாளி செய்யாதது.

ஜூன் மாசம் மேனேஜர் கூப்பிட்டார். என்னைவிடப் பத்து வயது சின்னவர், மரியாதையானவர். மேஜையில் ஒரு லிஸ்ட். எட்டு வருஷத்துக்கு மேல் சர்வீஸ் உள்ள நாற்பத்தாறு பேர். பக்கத்தில் டைப் அடித்த தாள். 'என் சொந்த விருப்பத்தில் விலகுகிறேன். கணக்கு தீர்ந்தது. இனி எனக்குப் பாக்கி எதுவும் இல்லை.' இதில் கையெழுத்துப் போட்டால் கையில் பத்தாயிரம். மறுநாள் காலை அதே மிஷின், அதே கூலி. ஆனால் ஒரு கான்ட்ராக்டர் பெயரில் புது ஆளாக.

"நீங்க சொன்னா கேப்பாங்க சார்" என்றார்.

ஒரு பேனா எடுத்துக்கொள்ளுங்கள், இந்தக் கணக்கு உங்களுக்கும் ஆகும். ஐந்து வருஷம் சர்வீஸ் முடித்தவருக்கு கிராஜுவிட்டி. கடைசி மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, வருஷத்தால் பெருக்க வேண்டும். பீஸ் ரேட் ஆட்களுக்குக் கடைசி மூன்று மாதச் சராசரி. அப்போது இது 1972ம் வருஷத்துச் சட்டம். 2025 நவம்பரிலிருந்து சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் போய்விட்டது. எங்கள் கைமடி அம்மா ஒருவர், அதாவது டெய்லர் பக்கத்தில் நின்று துணியை எடுத்துக்கொடுத்து மடிப்பவர், மாதம் 5,200 வாங்கினார். நாளுக்கு 200. பதினைந்து நாளுக்கு 3,000. பதினாலு வருஷத்துக்கு 42,000. அந்த இடத்தில்தான் பத்தாயிரம்.

"வாங்கறப்ப இந்தப் பாக்கியை யாருமே எங்களுக்குச் சொல்லலை சார்" என்றார் மேனேஜர். பொய் இல்லை. பழைய முதலாளி இதற்கென்று ஒரு பைசா எடுத்து வைக்கவில்லை. ஆனால் கை மாறினது கம்பெனிதானே? அந்த அம்மா நின்ற இடம் மாறவில்லையே?

நான் கையெழுத்து வாங்கவில்லை. கேட்டவர்களிடம், "வீட்டுக்குக் கொண்டுபோய், படிச்ச புள்ளைங்ககிட்ட காட்டிட்டு வாங்க" என்றேன். உடனே விட்டுவிட முடியவில்லை. மகள் காலேஜில் இரண்டாம் வருஷம். போனஸ் கணக்கும் நான்தான் போட வேண்டும். புதுசாக வருகிறவர் போட்டால் யாருக்கு எத்தனை நாள் குறையுமோ. தீபாவளி தாண்டி லெட்டர் கொடுத்தேன்.

வீட்டில், "போற எடத்துல மட்டும் உத்தமனா உக்காந்திருக்கறான்?" என்று கேட்டாள். சரியான கேள்வி.

அதைவிடச் சரியான கேள்வி கைமடி அம்மாவிடமிருந்து வந்தது. "ஏனுங் கண்ணு, நீங்க போயிட்டா அந்தத் தாளுல கையெழுத்து வாங்க ஆரு வருவாங்க?"

"வேற ஆள் வருவாங்க."

"அவரு அத எங்களுக்குப் படிச்சுச் சொல்லுவாருங்களா?"

வந்தவர் படித்துச் சொல்லவில்லை. முப்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டார்கள். போடாத பதினைந்து பேருக்கு 'இன்னைக்கு வேலை இல்லை, நாளைக்கு வாங்க' என்ற பாட்டு ஆரம்பமானது. அந்த அம்மா 2014 பொங்கலோடு நின்றுவிட்டார்.

எனக்கு வர வேண்டியதை ஒரு மாதம் இழுத்துவிட்டுக் கொடுத்தார்கள். பத்து மாசத்தை முழு வருஷமாக எடுத்து, இருபது வருஷத்துக்கு 1,50,000. டைம் ஆபீஸ்காரனுக்குச் சட்டம் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். அந்த அம்மாவுக்குத் தொழிலாளர் துறையில் மனுப் போட்டு, பதினாலு மாசம் நடந்து, பத்து சதவீத வட்டியோடு வந்தது.

கையெழுத்துப் போட்டவர்கள் கதை வேறு. 'கணக்கு தீர்ந்தது' என்று எழுதி வாங்கினாலும், கிராஜுவிட்டியை அப்படி எழுதி வாங்கித் தட்டிவிட முடியாது. சட்டம் அந்தத் தாளுக்கு மேலே நிற்கும். மனுப் போடத் தாமதமானாலும் அதனால் மட்டும் உரிமை போகாது. இதைச் சொல்லி அனுப்பினேன். மூன்று பேர் வந்தார்கள். மற்றவர்களில் பலர் அதற்குள் கம்பெனி மாறியிருந்தார்கள், சிலர் ஊரோடு போயிருந்தார்கள். ஊர்க்காரர்களிடம் விலாசம் விசாரித்து இருபத்தெட்டு தபால் கார்டு போட்டேன். பதினொன்று 'விலாசதாரர் இல்லை' என்று திரும்பி வந்தது.

ஒரே ஒரு போன் வந்தது, உசிலம்பட்டியிலிருந்து. ஓவர்லாக் டெய்லர், பதினோரு வருஷம். "அதான் பத்தாயிரம் வாங்கிட்டேனேண்ணே, இன்னும் கேட்டா தப்பில்லையா?" என்றார். தப்பில்லை என்று அவரை நம்பவைக்க அரை மணி நேரம் ஆனது.