முப்பது மணி நேரம்

பாம்புக்கடி வழக்கு ஒன்றில் டாக்டர் ஒருவருக்காக ஆஜரானேன். தாலுகா தலைநகர் ஒன்றில் சிறிய நர்சிங் ஹோம் நடத்தி வந்தார். கடலைக்காட்டில் வேலை செய்த பெண்ணைக் கண்ணாடிவிரியன் கடித்து, கால் வீங்கிய நிலையில் அங்கே தூக்கி வந்திருக்கிறார்கள். டாக்டர் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிடம் வைத்துப் பார்த்தார்; உறையவில்லை. விஷமுறிவு மருந்து கையிருப்பில் இருந்தது. ஆனாலும் உடனே ஏற்றவில்லை. ஒவ்வாமை வருமா என்று அறியத் தோலில் ஒரு துளி போட்டுவிட்டு அரைமணி நேரம் காத்திருந்தார். அந்தப் பெண் பிழைத்தார். ஆனால் சிறுநீரகம் பழுதாகி, மாதக்கணக்கில் டயாலிசிஸுக்கு அலைய வேண்டி வந்தது. கணவர் மாவட்ட நுகர்வோர் மன்றத்துக்குப் போனார்.

இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் பிரமாணப் பத்திரங்களிலேயே முடிந்துவிடும். எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணைக்கு அனுமதி வாங்கினார். அவருடைய முதல் கேள்வி பாம்பைப் பற்றியதே அல்ல.

"கடந்த ஐந்து வருஷத்தில் எத்தனை மணி நேரம் சி.எம்.இ. முடித்திருக்கிறீர்கள், டாக்டர்?"

"ஆறு."

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகளின்படி, ஒரு மருத்துவர் ஐந்தாண்டுக்குக் குறைந்தது 30 மணி நேரம் தொடர் மருத்துவக் கல்வி (சி.எம்.இ.) நிகழ்ச்சிகளில் பங்கேற்க வேண்டும். இந்த விதிகளில் எதை மீறினாலும் அது தொழில்முறைத் தவறு என்கிறது அதே விதிகளின் ஏழாம் அத்தியாயம். அதோடு 2009-ல் மத்திய அரசு வெளியிட்ட பாம்புக்கடி சிகிச்சை நெறிமுறையையும் வக்கீல் தாக்கல் செய்தார். தோல் சோதனை எதையும் முன்கூட்டிச் சொல்லாது, நேரத்தைத்தான் வீணாக்கும். அட்ரினலினைத் தயாராக வைத்துக்கொண்டு மருந்தை ஏற்றிவிட வேண்டும் என்பது அதன் சாரம். வகுப்புக்குப் போயிருந்தால் இது தெரிந்திருக்கும் என்றார். வலுவான வாதம்.

என் பக்கம் இருந்தது மருந்துக் குப்பியோடு வந்த தாள். சோதித்துப் பார்த்துவிட்டுப் போடச் சொன்னது அது. சுற்றுவட்டாரத்தில் பல டாக்டர்கள் அப்படித்தான் செய்துவந்தார்கள். சராசரித் திறனுள்ள மருத்துவர் எப்படி நடந்துகொள்வாரோ அதையே அளவுகோலாகக் கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் சொன்னதை நம்பினேன்.

ஆனால் அந்த ஆறு மணி நேரம் என்னை உறுத்தியது. டாக்டரை அலுவலகத்தில் உட்காரவைத்துக் கேட்டேன்.

"படிக்க மாட்டேன்னு நான் சொல்லலை சார். கிளினிக்கைப் பூட்டிட்டு மதுரைக்குப் போகணும். போனா பெரிய ஹோட்டல்ல சர்க்கரைக்கு வந்திருக்கிற புது மாத்திரையைப் பத்திப் பேசுவாங்க. என் வாசலுக்கு வர்றது பாம்புக்கடி, பூச்சிமருந்து குடிச்ச கேஸ். அதுக்கு யாரு சார் வகுப்பு எடுக்கறாங்க?"

அவருக்கு வந்த அழைப்பிதழ்களையெல்லாம் கொண்டுவரச் சொல்லி மேஜையில் பரப்பிப் பார்த்தேன். சர்க்கரை, இதயம், மூட்டு மாற்று, குழந்தையின்மை. பாம்புக்கடிக்கு ஒன்றுகூட இல்லை. அவற்றை அப்படியே ஆவணங்களாகக் குறியிட்டேன்.

மனுதாரர் தரப்பு நிபுணர், ஓய்வுபெற்ற பொது மருத்துவப் பேராசிரியர். முப்பது மணி நேரத்தை எப்போதோ தாண்டியவர். அதில் பாம்புக்கடிக்கு எத்தனை என்று கேட்டேன். ஒன்றும் இல்லை, வார்டில் கற்றது என்றார் நேர்மையாக. காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறவர்கள் உண்டு என்பதையும் மறைக்கவில்லை. "ஆனாலும் கட்டாயம் என்று ஒன்று இல்லாவிட்டால், பட்டம் வாங்கியபின் புத்தகத்தைத் திறக்காதவர்களை என்ன செய்வது?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இன்றும் அவர் சொன்னது சரியென்றே நினைக்கிறேன்.

வாதத்துக்காக வெளிநாட்டு நடைமுறைகளையும் படித்தேன். பிரிட்டனில் 2012 டிசம்பர் முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுமதிப்பீடு. அந்த மருத்துவர் உண்மையில் செய்யும் வேலையை ஆண்டுதோறும் சக மருத்துவர் ஒருவரோடு அமர்ந்து ஆராய்வதுதான் அதன் அடிப்படை. அமெரிக்காவில் உள்மருத்துவ வாரியம் 1990 வரை ஆயுட்காலச் சான்றிதழ் கொடுத்தது. பிறகு பத்தாண்டுச் சான்றிதழாக்கி, 2014-ல் நிபந்தனைகளை இறுக்கியது. தங்கள் நோயாளிகளுக்குச் சம்பந்தமில்லாததைப் படிக்கச் சொல்கிறார்கள் என்று மருத்துவர்கள் கொதித்தார்கள். 2015 பிப்ரவரியில் வாரியமே தவறு செய்துவிட்டதாக வெளிப்படையாக அறிவித்தது. என் கட்சிக்காரரின் குமுறலும் அந்த மருத்துவர்களுடையதேதான்.

வக்கீல்களான எங்களுக்கு 2010 முதல் பார் தேர்வு ஒன்று உண்டு. அதைத் தாண்டிவிட்டால், இத்தனை மணி நேரம் படித்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. எங்களுக்கும் அது வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மணிக்கணக்கு குறைந்ததே சேவைக் குறைபாடு ஆகிவிடாது என்றது மன்றம். அந்த அரைமணி நேரம்தான் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்பதற்கும் நிரூபணம் இல்லை என்றது. ஆனால் இரத்தம் உறையவில்லை என்று கண்ணால் கண்டபின் காத்திருந்தது தவறு. அரசு நெறிமுறை வெளியாகிவிட்டபின் குப்பித் தாளைக் காட்டித் தப்ப முடியாது என்று சொல்லி, கேட்டதில் ஒரு பகுதியை இழப்பீடாக வழங்கியது. நியாயமான தீர்ப்பு. டாக்டர் மேல்முறையீடு வேண்டாம் என்று சொல்லிப் பணத்தைக் கட்டினார்.

2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதிகளைக் கொண்டுவந்து, அதே மாதத்திலேயே நிறுத்திவைத்தது. அதிலும் ஐந்தாண்டுக்கு முப்பது என்ற கணக்கு இருந்தது. அது பற்றி ஆலோசனை கேட்டு வந்த டாக்டர்களிடம் ஒன்று சொன்னேன். சான்றிதழோடு வகுப்பின் தலைப்பையும் குறித்து வையுங்கள். உங்கள் நோயாளிகளுக்குத் தேவையான வகுப்பு மாவட்டத்தில் நடக்கவில்லையென்றால், அதை நடத்தச் சொல்லி உங்கள் சங்கக் கிளைக்கு எழுதுங்கள். நகலையும் ஒப்புகையையும் பத்திரப்படுத்துங்கள்.