குஸ்கோ நகரில் ஒரு பந்தி

தென் அமெரிக்காவின் பெரு நாட்டில், ஆண்டீஸ் மலைகளுக்கு நடுவே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கிறது குஸ்கோ. இன்கா பேரரசின் தலைநகராய்ப் புகழுடன் விளங்கிய இந்நகருள் ஸ்பானியர் 1533-ஆம் ஆண்டில் படையுடன் புகுந்தனர். இன்காக்கள் சுண்ணமின்றி இழைத்து அடுக்கிய கற்சுவர்களின்மேல் அவர்கள் தங்கள் மாளிகைகளையும் ஆலயங்களையும் எழுப்பினர். 1983-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. இவற்றையெல்லாம் காண வேண்டுமென்றே நாங்கள் நால்வரும் அங்கே சென்றோம். ஆனால் ஊர் திரும்பியபின் நாங்கள் மீண்டும் மீண்டும் பேசிக்கொள்வது அவ்வூர் மக்கள் எங்களுக்கு இட்ட உணவைப் பற்றியே.

அத்தனை உயரத்தில் முதல் நாள் படியேறவும் மூச்சு வாங்கும், தலை கனக்கும். தங்கும் விடுதியில் முதலில் தருவது கோக்கா இலையிட்ட வெந்நீர். பல நூற்றாண்டுகளாக மலைமக்கள் களைப்பு நீங்கப் பயன்படுத்தி வரும் இலை அது. அந்நாட்டில் அதற்குத் தடையில்லை. ஆயினும் ஊருக்கு எடுத்து வருதல் கூடாது. உயரத்தில் செரிமானமும் மந்தப்படும். ஆதலால் முதல் நாள் கோழி ரசமோ கினோவா தானியக் கஞ்சியோ போதுமானது. அங்கே தண்ணீர் தொண்ணூறு பாகை வெப்பத்தை எட்டுமுன்பே கொதித்துவிடுகிறது. எனவே கிழங்கும் இறைச்சியும் வேக நெடுநேரம் பிடிக்கும். பொறுமை அவ்வூர்ச் சமையலின் முதற்பாடம்.

இரண்டாம் நாள் காலை, புனித இராயப்பர் ஆலயத்தின் எதிரேயுள்ள சான் பெட்ரோ சந்தைக்குச் சென்றோம். 1925-ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற பெரிய கூடம் அது. ஒரு வரிசையில் பழச்சாறு, ஒரு வரிசையில் ரொட்டி, ஒரு வரிசையில் பாலாடைக்கட்டி, அப்பால் சுடச்சுட உணவு சமைத்துத் தரும் பெண்களின் அடுப்புகள். நீண்ட பலகையில் உள்ளூர்த் தொழிலாளரின் தோளோடு தோள் உரச அமர்ந்து உண்ண வேண்டும். அருகிலுள்ள ஓரோபேசா என்னும் சிற்றூர் ரொட்டிக்குப் பேர்போனது. தட்டு அகலமுள்ள அவ்வூர் ரொட்டியைப் பிய்த்துக் கோழி ரசத்தில் தோய்த்து உண்டோம்.

பழச்சாறு விற்ற அம்மையார் குவளையை நிரப்பித் தந்தார். நாங்கள் பாதி குடித்ததும், சாறு அடித்த பாத்திரத்தில் எஞ்சியிருந்ததையும் எங்கள் குவளையிலேயே ஊற்றினார். காசு எடுக்கப் போன எங்கள் கையைத் தடுத்து, "யாப்பா" என்றார். கெச்சுவா மொழியில் அதற்குப் பொருள் கொசுறு! அங்கே சந்தையில் கொசுறு கொடாத கடைக்காரியும் இல்லை. கேளாத வாடிக்கைக்காரரும் இல்லை. வாங்குபவரும் விற்பவரும் ஒருவரையொருவர் "கசெரீத்தா" என்றே அழைக்கின்றனர். வாடிக்கைக்காரர் என்னும் உறவைக் குறிக்கும் அன்புச் சொல் அது.

கிழங்குக் கடைகளைக் கண்டு வியந்து நின்றோம். உருளைக்கிழங்கின் பிறந்தகமே ஆண்டீஸ் மலைநாடுதான். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அம்மக்கள் அதைப் பயிரிட்டு வருகின்றனர். கறுப்பு, ஊதா, சிவப்பு, மஞ்சள் என நிறம் நிறமாய்க் குவிந்திருந்தன. சில கிழங்குகள் கூழாங்கல்லைப்போல் உலர்ந்து இலேசாயிருந்தன. அவற்றின் பெயர் சுன்யோ. இரவின் உறைபனியில் கிழங்கைப் பரப்பி, பகல் வெயிலில் உலர்த்தி, காலால் மிதித்து நீரைப் பிழிந்து எடுப்பார்கள். இவ்வாறு பதப்படுத்தினால் ஆண்டுக்கணக்கில் கெடாது; விளைச்சல் பொய்த்த காலத்தில் பிள்ளைகளின் பசி தீர்க்கும். நம் வீட்டுக் குழம்பில் மிதக்கும் உருளைக்கிழங்கும், அதற்கு உறைப்புத் தரும் மிளகாயும் அமெரிக்கக் கண்டம் நமக்களித்த கொடைகளே என்பதை எண்ணிக்கொண்டோம்.

அவ்வூர் மிளகாயின் பெயர் ரொக்கோட்டோ. தக்காளியென மயங்கும் தோற்றம், கறுப்பு விதை, கடுமையான காரம். காரம் தணிய வேகவைத்து, உள்ளே இறைச்சியும் காய்கறியும் அடைத்துப் பொரித்துத் தருவர். பெரிய மணிகளையுடைய வெள்ளைச் சோளக்கதிரை அவித்து, ஒரு துண்டு பாலாடைக்கட்டியுடன் தெருவோரத்தில் விற்பர். நண்பகலில் சிற்றுணவகங்களின் வாயிலில் "மெனு" என்று எழுதிய பலகை தென்பட்டால் தயங்காது நுழையலாம். ரசம், ஒரு முக்கிய உணவு, பருக ஒரு குவளை பானம் ஆகிய மூன்றும் ஒரே விலைக்குக் கிடைக்கும். பெரிய சதுக்கத்தைச் சுற்றியுள்ள உணவகங்களில் விலை மிக அதிகம்.

சில வீட்டு வாயில்களில் நீண்ட கழியின் நுனியில் சிவப்புத் துணியோ பையோ கட்டியிருப்பதைக் காணலாம். அங்கே முளைகட்டிய சோளத்திலிருந்து காய்ச்சிப் புளிக்கவைத்த சிச்சா கிடைக்கும் என்பதற்கு அது அடையாளம். பருகுமுன் சில துளிகளை மண்ணில் சிந்துவர். விளைவித்துத் தந்த நிலத்திற்கு நன்றியாம். மதுவை விலக்குவோருக்கும் குழந்தைகளுக்கும் வேறொரு சிச்சா உண்டு. ஊதாநிறச் சோளத்தை அன்னாசித் தோல், பட்டை, கிராம்புடன் கொதிக்கவைத்து இறக்கிய இனிய பானம் அது.

இனி, எங்களைத் தலைகுனியச் செய்த நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும்.

குஸ்கோ பேராலயத்தின் திருப்பணி 1560-ஆம் ஆண்டு தொடங்கி 1654-ல் நிறைவுற்றது. இன்கா மன்னர் ஒருவரின் அரண்மனை இருந்த இடத்தில், இன்காக்களின் கோட்டைக் கற்களைப் பெயர்த்து, அம்மக்களின் உழைப்பைக் கொண்டே கட்டப்பட்டது. அதனுள்ளே ஆண்டவரின் இறுதி இராவுணவைக் காட்டும் பெரிய ஓவியம் ஒன்று இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் மார்கோஸ் சப்பாத்தா என்னும் உள்ளூர் ஓவியர் தீட்டியது. இயேசுவும் சீடர்களும் அமர்ந்துள்ள மேசையின் நடுவில் ஆட்டுக்குட்டி இல்லை. கால்களை மேலே நீட்டியபடி வறுக்கப்பட்ட "கூய்" ஒன்று தட்டில் கிடக்கிறது. கினிப் பன்றி என்று நாம் சொல்லும், முயலினும் சிறிய விலங்கு அது. மலைநாட்டு ஏழைகள் அடுப்பங்கரையிலேயே புல்லிட்டு வளர்த்து, திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் சமைக்கும் விருந்துணவு. அவ்வோவியத்தைக் கண்டு எங்களுள் சிலர் சிரித்துவிட்டோம்.

நாங்கள் சென்றது தேவ நற்கருணைத் திருநாள் சமயம். திருநாளுக்கு முந்திய நாள், சுற்றுவட்டப் பங்குகளிலிருந்து பதினைந்து சுரூபங்கள் பேராலயத்திற்குப் பவனியாய் வருகின்றன. அந்தோனியார், செபஸ்தியார், சந்தியாகப்பர், சூசையப்பர், அன்னம்மாள், பல திருநாமங்களில் தேவமாதா என ஒவ்வொருவரையும் அந்தந்தப் பங்கு மக்கள் இசைக்குழு முழங்கத் தோளில் சுமந்து வருகின்றனர். முற்காலத்தில் இன்கா மன்னர்களின் பதப்படுத்திய உடல்களை விழாநாட்களில் இதே சதுக்கத்திற்குச் சுமந்து வந்ததாக ஸ்பானிய வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். தோள் கொடுத்துச் சுமக்கும் வழக்கம் அம்மக்களுக்குப் புதியதன்று.

அன்று ஊரெங்கும் உண்ணும் உணவு சிரியுச்சு. "சிரி" என்றால் குளிர். "உச்சு" என்றால் மிளகாய். ஒரே தட்டில் வறுத்த கூய், அவித்த கோழி, உப்புக்கண்டம், தொத்திறைச்சி, பாலாடைக்கட்டி, வறுத்த சோளம், சோளமாவு அடை, ரொக்கோட்டோ துண்டு, இவற்றுடன் தொலைவிலுள்ள கடலிலிருந்து வரும் மீன்முட்டையும் கடற்பாசியும் அடுக்கித் தருவர். எல்லாம் ஆறிய நிலையில், கையால் எடுத்து உண்ண வேண்டும். ஒவ்வொரு வாயிலும் எல்லாவற்றிலும் சிறிது சேர்ந்திருப்பதே முறை என்றார்கள்.

புனித பிரான்சிஸ் ஆலயச் சதுக்கத்தில் வயது முதிர்ந்த ஒரு தாயின் கடையில் அமர்ந்தோம். தட்டைக் கண்டதும் எங்களுள் ஒருவர் முகம் சுளித்து, கூயை விரல் நுனியால் ஓரத்திற்குத் தள்ளினார். மற்றவர்களும் அதைத் தொடவில்லை. அந்தத் தாய் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகம் வாடியது; ஆனால் ஒரு சொல்லும் கடிந்து கூறவில்லை. தட்டுகளை வாங்கி, கூயை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் பாலாடைக்கட்டியும் சோளமும் கூடுதலாய் வைத்துத் திருப்பித் தந்தார். "யாப்பா" என்றார்.

எங்களுக்கு உணவு தொண்டையில் இறங்கவில்லை. வாளோடு வந்தவர்களிடமிருந்து விசுவாசத்தைப் பெற்ற மக்கள், தம்மிடமிருந்த உணவுகளுள் சிறந்ததை ஆண்டவரின் மேசைமேல் வைத்தார்கள். அந்த ஓவியத்தின் பொருள் அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. அவர் மறுக்கமாட்டார் என்று நம்பி அவர்கள் வைத்ததை, ஒரே விசுவாசத்தைச் சொல்லிக்கொண்டு வந்த நாங்கள் விரலால் தள்ளினோம். எங்களுள் மூத்தவர் எழுந்து சென்று, கூயைத் தரும்படி சைகையால் கேட்டார். அந்தத் தாய் சிரித்தபடியே கொண்டுவந்து வைத்தார். நால்வரும் பங்கிட்டு உண்டோம். தோல் மொறுமொறுப்பு, இறைச்சி முயற்கறியைப்போல் இருந்தது, எலும்பு அதிகம்.

குஸ்கோ செல்லும் வாய்ப்புப் பெறுவோருக்கு எங்கள் சிறு ஆலோசனைகள் இவை. முதல் நாள் அளவோடு உண்ணுங்கள். கொதித்த நீரையே பருகுங்கள். காலை உணவைச் சந்தையில் உள்ளூராரோடு அமர்ந்து உண்ணுங்கள். நீங்கள் தரும் காசு நேரே ஒரு குடும்பத்தின் அடுப்பைச் சென்று சேரும். ஒரு பண்டம் உங்களுக்கு ஒவ்வாது என்றால், தட்டு வருமுன் பணிவோடு சொல்லிவிடுங்கள். தட்டு முன்னே வந்தபின், அதை இட்ட கையை ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள்.