பதினோராவது மாடி நீச்சல் குளம்!

ஷாப்பிங் காம்ப்ளெக்ஸில் எஸ்கலேட்டர் பார்த்திருப்பீர்கள். பள்ளிக்கூடத்தில்?

நியூயார்க், மன்ஹாட்டனின் தெற்குப் பக்கம், ஹட்ஸன் நதி ஓரமாக நிற்கிறது ஸ்டைவசன்ட் ஹைஸ்கூல். பத்து மாடி. மாடி ஏற எஸ்கலேட்டர். மெயின் ரோட்டைத் தாண்டி நேரே ஸ்கூலுக்குள் கொண்டுபோய் விட ஒரு நடைபாலம். ‘‘ஃபீஸ் எத்தனை லட்சம் ஸார்?’’ என்கிறீர்களா? நயா பைசா கிடையாது. கவர்ன்மென்ட் ஸ்கூல்!

புதுசாகச் சேருகிற பிள்ளைகளிடம் சீனியர்கள், ‘‘பதினோராவது மாடியில் நீச்சல் குளம் இருக்கு. இந்தா பாஸ்!’’ என்று காசுக்கு விற்பது இங்கே பிரசித்தம். குளம் இருப்பது கீழ்த்தளத்தில்! ராகிங்குக்கு தேச எல்லை ஏது?

1904-ல் ஆரம்பித்தபோது இது பையன்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கிற ஸ்கூல். அப்புறம் கணக்கு, சயன்ஸ் என்று வண்டி டிராக் மாறியது. படித்தவர்களில் நான்கு பேர் நோபல் பரிசு வாங்கிவிட்டார்கள். இங்கே இங்கிலீஷ் வாத்தியாராக இருந்த ஃபிராங்க் மெக்கோர்ட், ரிட்டயரான பிறகு முதல் புத்தகம் எழுதி, 1997-ல் புலிட்சர் பரிசு வாங்கினார். ‘எழுதணும்... டைம் இல்லை’ என்கிற ஆபீஸ் நண்பர்கள் கவனிக்க!

1969 வரை பெண்களுக்கு ‘நோ அட்மிஷன்’. ஆலிஸ் டி ரிவேரா என்ற 13 வயதுப் பெண் கோர்ட்டுக்குப் போனாள். கதவு திறந்தது. ஆனால் பாவம், குடும்பம் ஊர் மாறிவிட, அவள் அங்கே படிக்கவே இல்லை. 2013-ல்தான் கூப்பிட்டு கௌரவ டிப்ளமா கொடுத்தார்கள்.

2001 செப்டம்பர் 11. இரட்டைக் கோபுரம் நாலு தெரு தள்ளித்தான். புழுதி மண்டலத்துக்கு நடுவே பிள்ளைகள் வடக்கே நடந்தே தப்பினார்கள். ஸ்கூல் கட்டடம், மீட்புப் படையின் முகாம் ஆனது. புரூக்ளினில் இன்னொரு ஸ்கூலில் மதிய ஷிப்ட் படித்துவிட்டு, அக்டோபர் 9-ம் தேதி திரும்பி வந்தார்கள்.

சரி, ஸீட் எப்படிக் கிடைக்கும்? மந்திரி லெட்டர் செல்லாது. எட்டாம் வகுப்பில் ஒரே ஒரு என்ட்ரன்ஸ் எக்ஸாம். மார்க் மட்டுமே பேசும் என்று 1971-ல் சட்டமே போட்டாயிற்று. இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் எழுத, இங்கே இடம் சுமார் எண்ணூறு.

இதில்தான் தகராறு. 2019-ல் இடம் கிடைத்த 895 பேரில் கறுப்பின மாணவர்கள் ஏழே ஏழு பேர். ‘பரீட்சையைத் தூக்குவோம்’ என்று அதற்கு முந்தைய வருஷமே மேயர் யோசனை சொல்ல, ஆசியப் பெற்றோர்கள் தெருவில் இறங்கிவிட்டார்கள். இங்கே படிப்பவர்களில் பெரும்பாலோர் அவர்கள் பிள்ளைகள்தான். அதில் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளும் கணிசம். ‘ராத்திரி பகலாகப் படித்தது தப்பா?’ என்கிறார்கள். ‘கோச்சிங் கிடைக்காத தெருவில் பிறந்தது தப்பா?’ என்று எதிர்க் கேள்வி. இரண்டுக்குமே பதில் சொல்ல முடியாமல், சட்டம் மாறாமல் நின்றுவிட்டது.

எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? எனக்கும்தான்!