தகட்டில் பாய்ந்த நீலம்

பாண்டிச்சேரி முதலியார்பேட்டையில் கடலூர் சாலையை விட்டு உள்ளே திரும்பும் சந்து ஒன்றில் அந்தப் பட்டறை இருக்கிறது. வாசலில் எப்போதும் ஏழெட்டு வாடகை ஸ்கூட்டர்கள் நிற்கும். பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் சனி, ஞாயிறுகளில் வருகிறவர்கள் ஒயிட் டவுனைச் சுற்றவும் ஆரோவில் போகவும் எடுத்த வண்டிகள், திங்கட்கிழமை காலையில் உடைந்த கண்ணாடியும் வளைந்த பிரேக் லீவருமாக இங்கே வந்து சேரும். பட்டறைக்குச் சோறு போடுவது இந்த ஸ்கூட்டர்கள்தான். நான் பார்க்கப் போனது அவற்றுக்குப் பின்னால், தார்ப்பாய் மறைப்புக்குள் நடக்கிற வேலையை. அங்கே இரண்டு பந்தய வண்டிகள் ஸ்டாண்டில் ஏறி நின்றன.

பந்தய வண்டிக்கு முதல் வேலை கழற்றுவது. ஹெட்லைட், இண்டிகேட்டர், கண்ணாடி, சைடு ஸ்டாண்டு, நம்பர் பிளேட் எல்லாம் போய்விடும். அடுத்த வேலை கட்டுவது. பட்டறைப் பையன் ஒருவன் ஆயில் டிரெயின் போல்ட்டின் தலையில் குறுக்கே துளை போட்டுக்கொண்டிருந்தான். மெல்லிய பிட், அறுகோணத் தலையின் விளிம்பில் கொஞ்சம் சாய்ந்தாலும் பட்டென்று முறியும். ஒரு வண்டியின் எண்ணெய் டிராக்கில் கொட்டினால் பின்னால் வருகிற அத்தனை பேரும் விழுவார்கள். அதனால்தான் துளையில் ஸ்டீல் கம்பி கோத்து, முறுக்கி, அசையாத ஓரிடத்தோடு போல்ட்டைக் கட்டிவைக்கச் சொல்கிறது விதி. போல்ட் கழலப் பார்த்தால் கம்பி இறுக வேண்டும். அந்தத் திசையில் கட்டுவதில்தான் சூட்சுமம். பையன் கட்டியதை மெக்கானிக் விரலால் ஒரு முறை தடவினார். “மாத்திக் கட்டியிருக்கடா” என்று கட்டரை எடுத்து நறுக்கிவிட்டார். பையன் முகம் சுளிக்காமல் மறுபடி ஆரம்பித்தான்.

மெக்கானிக்குக் கிட்டத்தட்ட அறுபது வயது. பெயர் போட வேண்டாம் என்றார். அண்ணன் என்றே எழுதுகிறேன். அவருடைய அப்பா ஏ.எஃப்.டி. மில்லில் ஃபிட்டர். மில் மூடிவிட்டது, அப்பாவின் அரங்கள் இன்னும் இவரிடம் இருக்கின்றன. ஆர்எக்ஸ் 100 வண்டிகளின் காலத்தில் அந்த அரங்களால்தான் சிலிண்டரின் போர்ட்டைத் தேய்த்தாராம். டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் புகை வெளியேறும் வாயை அரை மில்லிமீட்டர் உயர்த்தினாலே வண்டியின் குணம் மாறிவிடும். மேல் வேகத்தில் சீறும். கீழ் வேகத்தில் இழுக்காது. எங்கே நிறுத்துவது என்பது கையின் கணக்கு. “ஒரு வண்டி தூரத்துல வந்தாலே இது யார் தேச்சதுன்னு சத்தத்துலயே சொல்லிடுவோம்.”

இளைஞராக அவர் பந்தயம் பார்க்கப் போனது சோழவரத்துக்கு. சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயம் நடத்திக்கொண்டிருந்தது. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சொந்த டிராக் வந்ததும் சோழவரம் ஓய்ந்தது. அண்ணன் சோழவரத்தைப் பற்றிச் சொன்ன கதைகளில் யார் ஜெயித்தார் என்பது அநேகமாக இல்லை. அவரும் நண்பர்களும் தினமும் ஓட்டுகிற வண்டியிலேயே அங்கே போய், ஹெட்லைட்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் பந்தயத்தில் ஓட்டி, சாயங்காலம் மறுபடி பூட்டிக்கொண்டு பாண்டிச்சேரிக்குத் திரும்பினார்களாம். தோற்றாலும் அதே வண்டியில்தான் வீட்டுக்கு வர வேண்டும். திங்கட்கிழமை அதிலேயேதான் வேலைக்கும் போக வேண்டும்.

இன்று பந்தய வண்டி குட்டி யானை மினி லாரியில் ஏறி இருங்காட்டுக்கோட்டைக்குப் போகிறது. சாலையில் அதை ஓட்ட முடியாது. டிராக்கைத் தவிர வேறெங்கும் அதற்குப் பயனில்லை. வாங்கிய விலை, டயர், தோல் உடுப்பு, நுழைவுக் கட்டணம், லைசென்ஸ், வண்டி வாடகை எல்லாம் ஒரு சில சுற்றுகளில் திரும்பி வந்தாக வேண்டும் என்ற கணக்கோடு அது கிளம்புகிறது.

அந்தக் கணக்கு எங்கே போய்ப் பதிகிறது என்பதை அண்ணன் தரையில் விரித்த தினத்தந்தி மேல் காட்டினார். ஒரு வண்டியின் கிளட்ச்சைப் பிரித்து, தகடுகளைக் கழற்றிய வரிசையிலேயே அடுக்கியிருந்தார். ஸ்டீல் தகடுகளில் அங்கங்கே நீலமும் பழுப்புமாகத் திட்டுகள். உராய்வுத் தகடுகளில் கருகிய நெடி. “ஸ்டார்ட்டுல பாதி கிளட்ச்லயே புடிச்சிருக்கான். விடவும் மனசு வரல, புடிக்கவும் மனசு வரல.” பக்கத்தில் கியர் சக்கரங்கள். ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் பற்களின் முனை கூர்மையாக இருக்க வேண்டும், இவற்றில் மழுங்கியிருந்தது. காலை முழுதாக அழுத்தாமல் அவசரத்தில் தட்டித் தட்டி மாற்றினால் இப்படி ஆகும். பிரேக் பேடின் மேற்பரப்பு சூட்டில் இறுகிப் பளபளத்தது.

கடைசியாக ஹேண்டில்பாரின் ரப்பர் கிரிப்பைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். பசை போட்டு ஒட்டி, கம்பியும் கட்டியிருந்த கிரிப் ஒரு பக்கமாகத் திருகியிருந்தது. “கைய எவ்ளோ இறுக்கிப் புடிச்சிருந்தா இது திரும்பும்? முன் சக்கரம் ஆடுது, சஸ்பென்ஷன் சரியில்லன்னு வந்து சொன்னான். ஆடுறது வண்டி இல்ல, அவன்.”

இது வெறும் பேச்சல்ல. மோட்டார் சைக்கிள் ஓரளவு தானே தன்னை நேர்ப்படுத்திக்கொள்ளும் இயந்திரம். மேடு பள்ளத்தில் முன் சக்கரம் சற்று அசைந்து, தானாகவே அடங்கும். கையை இறுக்கிப் பிடித்தால் அந்த அசைவு அடங்க வழியில்லாமல் வண்டி முழுவதும் பரவும். முன்கைச் சதை இறுகி விரல்கள் மரத்துப் போகும். பிரேக்கை அளந்து பிடிக்க முடியாது. வேகமாகப் போயே ஆக வேண்டும் என்று நினைக்கிறவன் மெதுவாகிறான்; மெதுவாகிவிட்டோமே என்று இன்னும் இறுக்குகிறான். இந்த வண்டியை ஓட்டுகிற பையன் பயிற்சி நாளில் ஓட்டிவிட்டு வந்தால், அதில் இந்த அடையாளம் எதுவும் இருக்காது என்கிறார் அண்ணன்.

அந்தப் பையன் அன்று மாலை வந்தான். வயது 19, கல்லூரி இரண்டாம் ஆண்டு. ஃபேரிங்கில் உள்ளூர் செல்போன் கடையின் ஸ்டிக்கர். வண்டிக்காக அம்மாவின் நகை அடகில் இருக்கிறது. அதைச் சொல்லும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை. எப்போதிலிருந்து ஓட்டுவது பிடிக்காமல் போனது என்று கேட்டேன். பிடிக்காமல் போகவில்லை என்று முதலில் மறுத்தான். பிறகு அவனாகவே சொன்னான்: “முன்னாடி ஒரு லேப் முடிஞ்சா, இன்னொரு லேப் இருக்கேன்னு சந்தோஷமா இருக்கும்ணா. இப்ப இன்னும் எத்தன லேப் இருக்குன்னு பிட் போர்டத்தான் பாக்கறேன்.”

இந்த நோய் மேல்தட்டிலும் உண்டு. ஆஸ்திரேலியாவின் கேசி ஸ்டோனர் 2007, 2011 ஆகிய ஆண்டுகளில் மோட்டோஜிபி உலகப் பட்டம் வென்றவர். 2012 மே மாதம் பிரான்சின் லெ மான் டிராக்கில் நிருபர்கள் முன் அமர்ந்து, இந்தப் பருவத்தோடு போதும் என்று அறிவித்தார். அந்த ஆண்டு முடிவில் விலகியபோது வயது 27. உலகின் மிக வேகமான ஓட்டக்காரர்களில் ஒருவர் விளையாட்டின் மீது ஆசை விட்டுப்போனதால் நிறுத்திக்கொண்டார்.

அண்ணனுக்கு நெருக்கமான உதாரணம் வேறு. பாண்டிச்சேரியில் பிரான்சில் சொந்தம் இல்லாத தெரு குறைவு. இவருடைய அக்கா மகன் பாரிஸ் பக்கத்தில் இருக்கிறார். 2025 மே மாதம் லெ மான் பந்தயத்துக்குப் போய், மழையில் நனைந்துகொண்டே எடுத்த வீடியோவை மாமாவுக்கு அனுப்பியிருந்தார். அன்று ஜெயித்தவர் ஜொஹான் ஸார்கோ, 34 வயது பிரெஞ்சுக்காரர். மற்றவர்கள் வண்டி மாற்ற உள்ளே ஓடிக்கொண்டிருந்தபோது, மழை டயரிலேயே பொறுத்திருந்து முன்னுக்கு வந்தார். முதன்மைப் பிரிவில் சொந்த மண்ணில் ஒரு பிரெஞ்சுக்காரர் அதற்கு முன் ஜெயித்தது 1954-ல், பியேர் மொனரே. அதே ஆண்டு நவம்பரில்தான் புதுச்சேரி பிரான்சின் கையைவிட்டு இந்தியாவிடம் வந்தது.

அண்ணனைக் கவர்ந்தது அந்த வெற்றிக்கு ஆறு ஆண்டு முந்தைய கதை. 2019-ல் ஸார்கோ கேடிஎம் தொழிற்சாலை அணியில் இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தார். வண்டி அவருக்கு ஒத்துவரவில்லை. ஓட்டுவதில் மகிழ்ச்சியும் இல்லை. ஓராண்டு மிச்சமிருக்கும்போதே, அடுத்த வேலை கையில் இல்லாத நிலையில், விலகிக்கொள்ள அவரே கேட்டுக்கொண்டார். மார்க் மார்க்கெஸும் அப்படித்தான். 2020-ல் கை முறிந்து நான்கு முறை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், ஹோண்டாவில் ஓராண்டு ஒப்பந்தம் பாக்கியிருக்க 2023 முடிவில் கிளம்பி, ஒரு சிறிய அணியின் முந்தைய ஆண்டு டுகாட்டியில் ஏறினார். 2025-ல் உலகப் பட்டம் மறுபடி அவர் கைக்கு வந்தது. விலகினால் வெற்றி வரும் என்பதற்காக இவற்றைச் சொல்லவில்லை. ஸ்டோனர் மோட்டோஜிபி பந்தயத்துக்குத் திரும்பி வரவேயில்லை. மூவருக்கும் விலகிக்கொள்ள வழி இருந்தது என்பதுதான் விஷயம். 19 வயதில் அம்மாவின் நகைமேல் உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு அந்த வழி எங்கே?

அதைவிடச் சின்ன வயதில் ஏறுகிறவர்களும் உண்டு. 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டை தேசியப் பந்தயத்தில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் விழுந்து இறந்தான். அந்தப் பருவத்தில் தொடர்ந்து ஜெயித்துக்கொண்டிருந்த பிள்ளை. 2021-ல் ஐரோப்பாவில் பதின்வயதினர் அடுத்தடுத்து இறந்த பிறகு, சர்வதேசக் கூட்டமைப்பு வயது வரம்புகளை உயர்த்தியது; உலகப் பட்டப் போட்டிக்கு இப்போது பொதுவாக 18. உயர்த்த வேண்டியிருந்ததற்கு ஒரு காரணம், பிள்ளைகள் சீக்கிரமே ‘தொழில்’ ஓட்டக்காரர்களாகிவிட்டதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அதைப் பற்றிக் கேட்டபோது அண்ணன் பதில் சொல்லவில்லை. பதினெட்டு ஆகாதவர்களின் வண்டியை அவர் எடுப்பதில்லை என்று பட்டறைப் பையன் பிறகு சொன்னான்.

நெருக்கடி ஓட்டுகிறவரோடு நிற்பதில்லை. “ஜெயிச்சா ரைடர், தோத்தா மெக்கானிக்” என்று சிரித்தார் அண்ணன். பந்தயத்துக்கு முந்தைய இரவு டிராக் கொட்டகையில் எஞ்சினைத் திறந்து மூடிவிட்டு, சாப்பிடாமல் காலையில் பச்சைக் கொடிக்கு நின்ற கதைகள் அவரிடம் நிறைய இருக்கின்றன. இன்னொரு இழப்பு மெதுவாக நடந்தது. இப்போதைய ஸ்டாக் பிரிவுகளில் எஞ்சினுக்குள் எதையும் தேய்க்கக் கூடாது. முன்னால் வந்தவர்களின் வண்டியைப் பந்தயம் முடிந்ததும் பிரித்து அளப்பார்கள். நிறுவனங்கள் நடத்தும் ஒன்-மேக் பந்தயங்களில் வண்டியும் அவர்களுடையது, மெக்கானிக்கும் அவர்களுடையவர். அப்பாவின் அரத்துக்கு வேலையில்லை.

இது நியாயம்தான் என்கிறார் அண்ணன். காசுள்ளவன் எஞ்சினை வாங்கி ஜெயித்துவிட முடியாது. ஆனால், இதில் உங்களுக்கு என்ன மிச்சம் என்று கேட்டால், நூலை எடுத்துக் காட்டுகிறார். பின் சக்கரத்தில் சுற்றி, இரு பக்கமும் முன்னே இழுத்துக் கட்டிய நூல். முன் சக்கரத்தின் இரு ஓரங்களிலும் இடைவெளி ஒன்றுபோல இருந்தால் சக்கரங்கள் ஒரே கோட்டில் இருக்கின்றன என்று பொருள். குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, செயின் அட்ஜஸ்டரைக் கால் திருகு திருகினார். மறுபடி பார்த்தார். அங்கிருந்த நேரத்தில் அவர் யாருக்காகவும் அவசரப்படாத வேலை அது ஒன்றுதான்.

பணமும் பதற்றமும் இல்லாத சுகம்தான் வேண்டுமென்றால் ஈசிஆர் சாலையில் ராத்திரி விரட்டுகிற பையன்கள் இருக்கிறார்களே என்று சீண்டினேன். அவர் குரல் மாறிவிட்டது. “அங்க எதிர்ல பால் வண்டி வரும், மாடு வரும். எவனோ பெத்த புள்ள நடந்து வரும். அதுக்குப் பேரு ஜாலியா?” சைலன்சரை மாற்றித் தரச் சொல்லி வருகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறார். பந்தயத்தில் நெருக்கடியே கூடாது என்று அவர் சொல்லவில்லை. கடிகாரம் இல்லாமல் ஒருத்தன் தன்னை அறிய மாட்டான் என்பதும் அவர் சொன்னதுதான். ஓட்டுகிறவன் தனக்குத்தானே வைத்துக்கொள்கிற நெருக்கடி அவனைக் கூராக்கும். அடகுச் சீட்டும், ஸ்பான்சரின் முகமும், அப்பாவின் நம்பிக்கையும் சேர்ந்து உட்கார்ந்தால் அது வேறு சுமை. அந்தச் சுமைதான் தகட்டை நீலமாக்குகிறது.

நான் கிளம்பும் முன் பையனின் அப்பா வந்தார். புதிய கிளட்ச் செட்டுக்கு எவ்வளவு ஆகும் என்று கேட்கத்தான் வந்திருந்தார். அண்ணன் விலை சொல்லவில்லை. வண்டியை விற்றுவிடுங்கள் என்றார். நகையை மீட்ட பிறகு, கம்பெனியே வண்டி கொடுக்கிற பந்தயத்துக்கு ஆள் எடுக்கும்போது பையன் போய் ஓட்டிக் காட்டட்டும். கிடைத்தால் உடுப்பும் ஹெல்மெட்டும் நுழைவுக் கட்டணமும்தான் செலவு. அப்படி நடந்தால் இந்தப் பட்டறைக்கு அந்த வேலை போய்விடும். அது அவருக்கும் தெரியும்.

“அப்ப கப்பு?” என்று கேட்டார் அப்பா.

“கப்பு வரும்னு நான் எப்டிண்ணே சொல்றது? வராமயும் போவலாம். அடுத்த வருஷமும் பையன் ஆசையா ஓட்டுவான். அதுக்கு வேணா நான் கேரண்டி.”

அப்பா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டில் கேட்டுச் சொல்வதாகப் போனார். போகும்போது கிளட்ச் செட்டுக்கு முன்பணமும் கொடுக்கவில்லை.