மேலைச் சீமைப் பிரயாணம்: கடைசி மேஜை

சென்ற இதழில் வாசகர்களை லாஸ் வேகாஸ் நகரின் பழைய பகுதியாகிய ஃபிரீமான்ட் தெருவில் நிறுத்திவிட்டு விடைபெற்றேன். பென்னி பினியன் என்னும் டெக்ஸாஸ்காரர் 1951-ஆம் ஆண்டு அத்தெருவில் தொடங்கிய ஹார்ஸ்ஷூ என்ற சூதாட்ட விடுதிதான் போக்கர் ஆடுவோர் எல்லாம் தங்கள் ஆதி க்ஷேத்திரமாகக் கொண்டாடுவது. 1970-இல் தமக்கு அறிமுகமான பெரும் ஆட்டக்காரர்களை அங்கே வரவழைத்துப் பல நாள் ஆடவிட்ட பினியன், இறுதியில் உங்களுள் தலைசிறந்தவர் யார் என்று அவர்களையே வாக்களிக்கச் சொன்னபோது, ஜானி மாஸ் என்ற பழுத்த அனுபவசாலி தேர்ந்தெடுக்கப்பட்டார். சூதாட்டத்தில் ஜனநாயகம் செல்லுபடியாகாது என்று கண்டுகொண்டார்கள் போலும். மறு ஆண்டே விதியை மாற்றி, கையிலுள்ள சிப்புகள் தீர்ந்தவர் எழுந்து போக, எல்லாருடைய சிப்புகளும் யாரிடம் வந்து சேருகின்றனவோ அவரே வெற்றியாளர் என்று வகுத்தார்கள். அப்போதும் மாஸ்தான் ஜெயித்தார் என்பது வேறு விஷயம்.

அந்த ஒரு மாற்றத்திலிருந்து பிறந்ததே இன்றைய போட்டி ஆட்டம் முழுவதும். 2003-இல் டென்னஸி மாநிலத்துக் கணக்கர் ஒருவர், கிறிஸ் மனிமேக்கர் என்று காரணப் பெயர் போலவே வாய்த்த இயற்பெயர் உடையவர், இணையத்தில் நடந்த ஒரு சிறு ஆட்டத்தின் மூலம் இடம் பெற்று வந்து, மற்ற 838 பேரை முந்திக்கொண்டு இருபத்தைந்து லட்சம் டாலரை அள்ளிச் சென்றார். அடுத்த ஆண்டு அப்போட்டிக்கு வந்தவர்கள் 2,576 பேர்; அதற்கும் அடுத்த ஆண்டு 5,619. சாமானியன் ஒருவன் வென்றான் என்ற செய்திக்குள்ள ஆகர்ஷண சக்தி அத்தகையது.

என் போன்றவர்களுக்குப் பத்தாயிரம் டாலர் கட்டி ஆடும் அந்த மகா உற்சவம் எட்டாது. ஆனால் அந்நகரின் பெரிய விடுதிகள் பலவற்றில் ஏறக்குறைய தினந்தோறும் சிறு போட்டிகள் நடக்கின்றன. கலிபோர்னியாவில் வேலையிலிருக்கும் என் தமக்கை மகன், விடுமுறைக்குப் போகும்போதெல்லாம் என்னை உட்காரவைத்து இந்த ஆட்டத்தைப் பழக்கியவன், அவற்றுள் ஒன்றில் என் பெயரையும் பதிவு செய்துவிட்டான். நூற்றுச் சொச்சம் பேர் நடுப்பகலில் ஆடத் தொடங்கினோம். நள்ளிரவு வரையிலான கதையை விவரித்து வாசகர்களின் பொறுமையைச் சோதிக்க எனக்கு விருப்பமில்லை. பெரும்பாலும் வந்த சீட்டைப் பார்ப்பதும் திருப்பிக் கொடுப்பதுமாகவே பொழுது கழிந்தது. மருமகன் மாலையிலேயே தோற்றுவிட்டு, கயிற்றுத் தடுப்புக்கு அப்பால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான்.

ஒன்பது பேர் எஞ்சியதும் எல்லாரையும் எழுப்பி, யார் எங்கே உட்காருவது என்பதையும் சீட்டெடுத்தே தீர்மானித்து, ஒரே மேஜையில் அமர்த்தினார்கள். ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாகவும், மேஜை நடுவே ஐந்து சீட்டு பொதுவாகவும் வருகிற ஆட்டம் இது. முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்றாகப் பொதுச் சீட்டுகள் திறக்கப்படும். ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் மேல் சீட்டு ஒன்றை டீலர் கவிழ்த்து ஒதுக்கிவிடுவார். சீட்டைப் பார்க்குமுன்பே இருவர் கட்டாயமாகக் கட்டவேண்டிய பிளைண்ட் என்ற பந்தயம் இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை உயர்ந்துகொண்டே போவதால், நல்ல சீட்டு வரட்டும் என்று சும்மா இருப்பவனும் மெல்லக் கரைந்துபோவான். பகலில் அக்கூடம் முழுவதும் ஆட்டக்காரர்கள் விரல்களுக்கிடையே சிப்புகளை உருட்டும் ஓசை மழைக்காலத்துச் சில்வண்டுகளின் இரைச்சல் போல இடைவிடாது கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது எங்கள் மேஜையில் மட்டுமே அது மிஞ்சியிருந்தது.

இந்த இறுதி மேஜையின் விசித்திரம் என்னவென்றால், இங்கே சிப்புக்கும் பணத்துக்கும் நேரான சம்பந்தம் கிடையாது. ஒன்பதாம் இடத்துக்கு இவ்வளவு, எட்டாம் இடத்துக்கு இவ்வளவு என்று பரிசு படிப்படியாக ஏறுவதால், பிறன் ஒருவன் வெளியேறும் ஒவ்வொரு தடவையும், நாம் விரலசைக்காதிருந்தும் நமக்கு வருமானம் கூடுகிறது. கையிலுள்ளதை இரட்டிப்பாக்கினால் கிடைக்கும் ஆதாயத்தைவிட, அதை முற்றிலும் இழந்தால் ஏற்படும் நஷ்டமே பெரிது. ஆகவே, துணிச்சலுக்குப் பேர்போன மனிதர்கள்கூட இந்த மேஜைக்கு வந்ததும் அயலாரின் துரதிருஷ்டத்தை எதிர்பார்த்து அடக்கமாக வீற்றிருப்பதைக் காணலாம். பரம சாதுவான அந்த முகங்களை நான் அவ்வளவாக நம்பவில்லை. என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

ஐவர் எஞ்சினோம். தொப்பியணிந்த ஓர் இளைஞனிடம் மொத்தச் சிப்புகளில் ஏறத்தாழப் பாதி குவிந்திருந்தது. அவனுக்கு அடுத்த செல்வந்தர் மௌனியான ஒரு சீனர். எத்தியோப்பியாவிலிருந்து வந்து இந்நகரில் டாக்ஸி ஓட்டும் ஒருவரும் நானும் ஏழைகள். என் இடப்புறம் அமர்ந்திருந்த நெப்ராஸ்கா மாநிலத்து மூதாட்டியோ பரம ஏழை. அவரிடம் இருந்தது ஒரே ஒரு சிப், இருபத்தையாயிரம். பெரிய பிளைண்டோ நாற்பதாயிரம். அடுத்த ஆட்டத்தில் அதைக் கட்டவேண்டிய முறை அவருடையது.

அந்தத் தறுவாயில் எனக்கு ஹார்ட்டினிலும் கிளாவரிலுமாக இரண்டு ஜாக்கிகள் வந்தன. எனக்கு முன்பே இளைஞன் தன் குவியலை அப்படியே முன்னே தள்ளி ஆல்-இன் என்றான். சீனர் சற்று யோசித்து, தாமும் முழுவதையும் வைத்தார். தடுப்புக்கு அப்பாலிருந்து மருமகன், "மாமா, அவசரப்படாதீங்க!" என்றான். அவனுக்கு என் சீட்டு தெரியாது, பொதுவான புத்திமதிதான். ஆயினும் டீலரம்மாள் உடனே கையை உயர்த்தி, ஆட்டம் நடக்கும்போது இங்கே ஆங்கிலம் மட்டுமே பேசலாம், வெளியார் யோசனையும் கூறலாகாது என்று கண்டிப்புடன் எச்சரித்தார். நியாயமான விதிதான். ஒரு கைக்கு ஒரு மூளை என்பது இந்த ஆட்டத்தின் அடிப்படைத் தர்மம்.

ஜாக்கி ஜோடி இலேசில் கைவிடத் தக்கதன்று. ஆனால் இருவர் தம் சர்வஸ்வத்தையும் வைத்திருக்கையில், அவர்களுள் ஒருவரிடமேனும் அதனினும் உயர்ந்த ஜோடி இருக்கக்கூடும். அவர்கள் மோதிக்கொண்டால் ஒருவர் போகலாம், மூதாட்டியோ அடுத்த ஆட்டத்தில் போகக்கூடியவர். நான் சீட்டுகளைக் கவிழ்த்து முன்னே தள்ளிவிட்டேன். இளைஞனிடம் ஏஸும் ராணியும்; சீனரிடம் இரண்டு ராஜாக்கள். முதல் மூன்றிலேயே ஓர் ஏஸ் விழுந்தது. ஐந்தாவதாக, இஸ்பேட் ஜாக்கி! நான் இருந்திருந்தால் மூன்று ஜாக்கிகளோடு என் சிப்புகள் மும்மடங்காகியிருக்கும். சீனர் எங்கள் அனைவருக்கும் தலையசைத்துவிட்டு எழுந்து போனார்.

மருமகன் பிற்பாடு இதற்காக மிகவும் விசனப்பட்டான். எனக்கு அந்த விசனம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. நளன் கதையில் இருதுபர்ணன் மரத்தின் இலைகளையும் கனிகளையும் பார்த்த மாத்திரத்தில் எண்ணிச் சொல்லி, அந்த எண் வித்தையோடு சூதின் இரகசியத்தையும் நளனுக்கு உபதேசிக்கிறான் அல்லவா? எண்ணத் தெரிந்தவன் செய்யக்கூடியது விகிதத்தை அறிவது மட்டுமே. மேலே வரப்போகும் சீட்டை அறிவதன்று. டாயில் பிரன்ஸன் 1976-இலும் 1977-இலும் பத்தும் இரண்டும் என்ற சொற்பச் சீட்டுகளைக் கொண்டே கடைசி ஆட்டத்தை வென்று பட்டம் பெற்றார் என்பதற்காக, அந்த ஜோடியை நம்பிச் சொத்தை வைப்பவன் விவேகியாகிவிட மாட்டான்.

மூதாட்டி போகவில்லை. கட்டாயமாக வைத்த அந்த ஒற்றைச் சிப், எதிர்த்து வந்த இருவரையும் வென்று எழுபத்தையாயிரமாகித் திரும்பியது. அடுத்தடுத்த ஆட்டங்களில் மேலும் இருமுறை இரட்டித்தது. ஒரே சிப் மிஞ்சிய நிலையிலிருந்து மீண்டு 1982-இல் உலகப் பட்டம் பெற்ற ஜாக் ஸ்ட்ராஸின் கதையை டாக்ஸிக்காரர் அவருக்குச் சொல்லத் தொடங்க, அம்மையார், "தெரியும் தம்பி, சீட்டைப் போடச் சொல்" என்ற தோரணையில் ஆங்கிலத்தில் ஏதோ முணுமுணுத்தார்.

என் முடிவு விரைவில் வந்தது. ஏஸும் ராஜாவும் வந்தபோது எஞ்சியதையெல்லாம் வைத்தேன். இளைஞன் இரண்டு எட்டுகளைக் காட்டினான். இதில் அவன் வெல்ல நூற்றுக்கு ஐம்பத்தைந்து, நான் வெல்ல நாற்பத்தைந்து என்பது கணக்கு. ஐந்து பொதுச் சீட்டுகளில் ஒன்றுகூட என்னை ஆதரிக்கவில்லை. நான்காம் இடம், பயணச் செலவில் ஒரு பகுதி ஈடாயிற்று.

நான் எழுந்ததும், முதல் பரிசுக்கும் மூன்றாம் பரிசுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைத்துச் சமாதானமாகப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்று இளைஞன் முன்மொழிந்தான். கடிகாரத்தை நிறுத்தி, அவரவர் சிப்புகளை எண்ணி, பங்கையும் கணக்கிட்டார்கள். இத்தகைய உடன்படிக்கைக்கு எல்லாரும் இசையவேண்டும். ஒருவர் மறுத்தாலும் ஆட்டம் தொடரும். டாக்ஸிக்காரர் மகிழ்ச்சியோடு சம்மதித்தார். மூதாட்டி தம் பங்கு எழுதப்பட்ட தாளை வாங்கிப் படித்துவிட்டு, தாம் ஆட வந்ததாகவும் வீட்டில் தமக்காக யாரும் காத்திருக்கவில்லை என்றும் கூறிச் சம்மதிக்க மறுத்தார். விடியற்காலை மூன்று மணி வரை அவர் ஆடியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இளைஞனே வென்றான், அவருக்கு இரண்டாம் இடம், தாளில் எழுதியிருந்த தொகையைவிடச் சற்றுக் குறைவாகவே கிடைத்தது. அதைப்பற்றி அவர் வருந்தியதாகத் தெரியவில்லை. காலை உணவு எத்தனை மணிக்குத் தொடங்கும் என்றுதான் டீலரை விசாரித்தார்.

கொலராடோ நதியை மறித்து நிற்கும் ஹூவர் அணைக்கு நாங்கள் சென்றதை அடுத்த இதழில் எழுதுகிறேன்.